பிரம்மகிரியில் முதற்குழி

முலுண்டிலும் அதனைச் சூழ்ந்த புறநகர்களிலும் வாழும் நம்மவர்க்கு ஆண்டிற்கு ஒரு முறையேனும் ஊர்ப் பயணம் உண்டு. கலியாணம், காதுகுத்து, குலதெய்வ வழிபாடு, முதியோரைக் கண்டு நலம் விசாரித்தல் என்று ஏதேனும் ஒரு காரணம் வாய்த்துவிடும். தாதரிலோ கல்யாணிலோ வண்டியேறி, சோலாப்பூரைக் கடந்து, ராய்ச்சூர், ஆதோனி, குண்டக்கல் என்று தெற்கு நோக்கிச் செல்லுங்கால் இருமருங்கிலும் ஒரு விந்தையான காட்சி தென்படும். யாரோ ஓர் அரக்கன் கூழாங்கற்களை அள்ளி ஆங்காங்கே குவித்துவிட்டுப் போனாற்போன்று, உருண்டு திரண்ட கருங்கற்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய குன்றுகள் வெயிலில் காய்ந்து நிற்கும். சன்னலோரம் அமர்ந்த குழந்தைகள், “இங்கே யார் இருந்தார்கள்?” என்று கேட்பார்கள். “யார் இருப்பார்கள், வெறும் பாறைதான்” என்று விடையளித்துவிட்டுப் பெரியவர்கள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள்.

அவ்விடை சரியன்று. அந்தப் பாறைக் குன்றுகளின் அடிவாரங்களில் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் வீடு கட்டி வாழ்ந்தார்கள், மாடு மேய்த்தார்கள், இறந்தோரைக் கற்பலகைகளுக்கிடையே அடக்கம் செய்தார்கள். அவர்களை நாம் இன்று அறிந்திருப்பதற்குக் காரணமானவர்களுள் ஒருவர், இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்த ஆண்டுகளில் அத்தகைய குன்றொன்றின் அடியில் மண்ணைத் தோண்டி ஆராய்ந்த டாக்டர் எம். எச். கிருஷ்ணா. அக்குன்றின் பெயர் பிரம்மகிரி. உலகப் புகழ் பெற்ற அந்த இடத்தின் பெயரோடு இன்று சேர்த்துச் சொல்லப்படும் பெயர் வேறொருவருடையது. முதற்குழி வெட்டியவரின் கதையை இக்கட்டுரையில் விளக்க முயல்வோம்.

நமக்கு அருகிலிருந்தே தொடங்கலாம். வசாயிக்கு வடக்கே உள்ள நாலாசோபாரா, பண்டைக் காலத்தில் சூர்ப்பாரகம் என்று பெயர்பெற்ற துறைமுகம். 1882-ஆம் ஆண்டில் பகவான்லால் இந்திரஜி என்னும் அறிஞர் அங்கே அசோகச் சக்கரவர்த்தியின் சாசனத் துண்டு ஒன்றைக் கண்டெடுத்தார். 1956-இல் மற்றொரு துண்டு அவ்வட்டாரத்திலேயே கிடைத்தது. பாடலிபுத்திரத்தில் இருந்த மன்னனின் ஆணை மேற்குக் கடற்கரை வரையில் எட்டியிருந்தது என்பதற்கு அவை சான்று. தெற்கே அது எதுவரை எட்டியது? ராய்ச்சூர்ப் பகுதியில் மாஸ்கி என்னும் ஊரில், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915-இல், பொற்சுரங்கப் பொறியாளர் பீடன் என்பவர் ஒரு சாசனத்தைக் கண்டார். நமது ரயில் வழியில் உள்ள குத்தியை அடுத்து எர்ரகுடியில் மற்றொன்று உண்டு. இவற்றிற்கும் தெற்கே, இன்றைய கர்நாடக மாநிலத்தின் சித்ரதுர்க்க மாவட்டத்தில், பட்டுச் சேலைக்குப் பெயர்போன மொளகால்மூரு வட்டத்தில், மூன்று சாசனங்கள் அருகருகே உள்ளன. அவையே பிரம்மகிரி, சித்தாபுரம், ஜடிங்க ராமேசுவரம் என்பன.

பிரம்மகிரி சமவெளியிலிருந்து ஏறக்குறைய 600 அடி உயர்ந்து நிற்கும் கருங்கற்குன்று. அதற்கு எதிரே நிற்கும் ஜடிங்க ராமேசுவரக் குன்றில் ஒரு கோயில் உண்டு. இராவணனோடு போரிட்டுச் சிறகிழந்த ஜடாயு வீழ்ந்த இடம் அதுவே என்பது அவ்வூர் மக்களின் நம்பிக்கை. நம் நாட்டிலும் புள்ளிருக்குவேளூர் ஜடாயுவோடு தொடர்புடைய தலம் என்பதை நேயர்கள் அறிவார்கள். இரு குன்றுகளுக்கும் இடைப்பட்ட வெளியில் ஒரு சிற்றாறு ஓடுகிறது. பெங்களூரிலேயே பிறந்து, மைசூர் சமஸ்தானத்துக் கல்வெட்டுகளைத் திரட்டிப் பதிப்பித்த பி. எல். ரைஸ் என்னும் ஆங்கிலேயர் 1892-இல் இம்மூன்று சாசனங்களையும் வெளிப்படுத்தினார்.

அச்சாசனங்கள், தாய்தந்தையர்க்குக் கீழ்ப்படிதல், உயிர்களிடம் இரக்கம், வாய்மை, ஆசிரியரிடம் மரியாதை ஆகியவற்றை வலியுறுத்துகின்றன. சுவர்ணகிரியில் இருந்த அரசகுமாரன், இஸிலா என்னும் ஊரின் மகாமாத்திரர்களுக்கு, அதாவது உயர் அதிகாரிகளுக்கு, அனுப்பிய செய்தியாக அவை தொடங்குகின்றன. சாசனத்தின் இறுதியில், அதனை எழுதிய எழுத்தன் தன் பெயரையும் பொறித்திருக்கிறான். சபடன் என்பது அவன் பெயர். சாசனம் முழுவதும் பிராமி எழுத்தில் இடமிருந்து வலமாகச் செல்கிறது. ‘எழுத்தனால்’ என்று பொருள்படும் கடைசிச் சொல் மட்டும், வலமிருந்து இடமாக எழுதப்படும் கரோஷ்டி எழுத்தில் அமைந்திருக்கிறது. கரோஷ்டி என்பது காந்தாரம் முதலிய வடமேற்கு எல்லைப் பகுதிகளில் வழங்கிய எழுத்து. பிழைப்பின் பொருட்டு நெடுந்தொலைவு வந்த ஒருவன், அயல் மண்ணின் பாறையில், அரசனின் சொற்களையெல்லாம் எழுதி முடித்தபின், தன் தொழிற்பெயரை மட்டும் தான் பழகிய எழுத்தில் எழுதிக்கொண்டான் போலும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டு வெளிமாநிலத்தில் வாழும் எமக்கு, அசோகனின் அறிவுரைகளைவிட அந்த ஒரு சொல்லே நெஞ்சில் நெடுநேரம் நிற்கிறது.

இஸிலா என்ற ஊர் எங்கே இருந்தது, அங்கே வாழ்ந்தவர்கள் எத்தகையவர்கள் என்பன சாசனம் எழுப்பும் வினாக்கள். பாறையில் உள்ள எழுத்து அதிகாரிகளின் இருப்பைச் சொல்லும். உழுதவனையும் குயவனையும் பற்றிச் சொல்லாது. அவர்களைத் தேட மண்ணைத்தான் நாட வேண்டும்.

அத்தேடலை மேற்கொண்ட கிருஷ்ணா 1892-இல் பிறந்தவர். ரைஸ் அச்சாசனங்களை வெளிப்படுத்திய ஆண்டும் அதுவே. லண்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். பழங்காசு ஆராய்ச்சியில் வல்லவர். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக விளங்கியவர். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரத்தை உலகிற்கு அளித்த ஷாமா சாஸ்திரிக்குப் பின் மைசூர் சமஸ்தானத்தின் தொல்பொருள் துறைக்கு அவரே இயக்குநரானார். சித்ரதுர்க்க நகரை ஒட்டிய சந்திரவள்ளிப் பள்ளத்தாக்கில் 1929-ஆம் ஆண்டளவில் அவர் அகழ்ந்தார். 1936-இல் ஹாசன் மாவட்டத்து ஹல்மிடி என்னும் சிற்றூரில் அவர் கண்டறிந்த கல்வெட்டு, கன்னட மொழியின் மிகப் பழைய கல்வெட்டு என்ற சிறப்பைப் பெற்றது. கன்னட மக்கள் அவரை நினைப்பதெல்லாம் பெரும்பாலும் ஹல்மிடியை முன்னிட்டே. பிரம்மகிரியில் அவர் ஆற்றிய பணி அந்த அளவுக்கு நினைக்கப்படவில்லை.

1939 செப்டம்பரில் போர் மூண்டது. இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறைக்கு அது மெலிந்த காலம். அத்துறை ஆண்டுதோறும் வெளியிட்டுவந்த அறிக்கைகள் 1936-37-ஆம் ஆண்டிற்குரியதோடு ஏற்கெனவே நின்றிருந்தன. அரசாங்கத்தின் பணமும் ஆளும் போருக்குச் சென்றுகொண்டிருந்தன. இத்தகைய நாளில், 1940-இல், சமஸ்தானத்துத் துறையொன்றின் சிறு வசதிகளோடு கிருஷ்ணா பிரம்மகிரியின் அடிவாரத்தில் சோதனைக் குழிகளை வெட்டத் தொடங்கினார். 1942-இல் மீண்டும் சென்று அப்பணியைத் தொடர்ந்தார்.

குழி வெட்டுவதால் என்ன தெரியும் என்று நேயர்கள் வினவலாம். புதைபொருள் ஆராய்ச்சியின் அடிப்படை நியதி மிக எளியது. மழைக்காலத்திற்கு முன்னர் முலுண்டில் மாநகராட்சியார் தெருவை வெட்டும்போது, வெட்டிய பள்ளத்தின் பக்கச் சுவரைச் சிறிது நின்று பார்த்தால் அது விளங்கும். மேலே தார், அதன்கீழ் சரளைக்கல், அதற்கும் கீழே பழைய செங்கல் உடைசல், அடியில் மண். கீழே கிடப்பது முந்தியது, மேலே கிடப்பது பிந்தியது. ஆனால் முன்பொரு நாள் குழாய் பதிப்பதற்காக யாரேனும் அதே இடத்தைத் தோண்டி மூடியிருந்தால், மேலுள்ளது கீழே போய்க் கலந்திருக்கும். ஆராய்ச்சியாளன் அந்தக் கலப்பைக் கண்டுகொள்ள வேண்டும்; தவறினால், நேற்றைய பொருளை முந்நூறு ஆண்டுப் பழமை என்று எண்ணி ஏமாறுவான். மண்ணின் நிறமாற்றம், சாம்பற்கோடு, தரை கெட்டித்த தடம் ஆகியவற்றைப் பார்த்து அடுக்குகளைப் பிரித்தறிவதே இக்கலையின் உயிர்.

கிருஷ்ணாவின் குழிகள் காட்டிய வரிசை இதுவாகும். எல்லாவற்றிற்கும் அடியில் சிக்கிமுக்கி போன்ற கற்களில் செதுக்கிய விரலளவுச் சிறுகற்கருவிகள். அதன்மேல் மெருகேற்றிய கற்கோடரிகளைக் கையாண்டவர்களின் வாழ்விடம். அதற்கும் மேலே இரும்பை அறிந்தவர்களின் காலம். அதன்மேல் மௌரியர் காலத்து இஸிலா. எல்லாவற்றிற்கும் மேலே சாளுக்கிய, ஹொய்சளர் காலத்து எச்சங்கள். ஆக ஐந்து பண்பாடுகளை அவர் வகுத்தார். தென்னாட்டில் கற்கோடரிகள் அதற்கு முன்பும் ஏராளமாகக் கிடைத்திருந்தன. ராபர்ட் புரூஸ் ஃபுட் என்னும் நிலவியலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பல்லாரிப் பகுதிக் குன்றுகளில் அவற்றைத் திரட்டியிருந்தார். எனினும் அவை பெரும்பாலும் நிலத்தின்மேல் பொறுக்கியவை. கோடரிக்காரன் யாருக்கு முந்தியவன், யாருக்குப் பிந்தியவன் என்பதை மண்ணடுக்கின் சான்றோடு சொல்ல முடிந்தது பிரம்மகிரியில்தான்.

இம்முடிவுகள் மைசூர் தொல்பொருள் துறையின் 1940, 1942-ஆம் ஆண்டறிக்கைகளில் இடம்பெற்றன. அவ்வறிக்கைகளைப் படித்தோர் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? சிங்கப்பூர் வீழ்ந்ததும், ரங்கூனிலிருந்து நம்மவர் கால்நடையாக ஓடிவந்ததும், சென்னை நகர மக்கள் குண்டுவீச்சுக்கு அஞ்சி ஊரைக் காலி செய்ததும் 1942-இலேயே. நாளிதழுக்கே காகிதம் கிட்டாத அக்காலத்தில் கற்கோடரியின் வயதைப் பற்றி யார் கவலைப்பட்டிருப்பார்கள்?

அதே 1942-இல், பிற்காலத்தில் பிரம்மகிரியைப் புகழ் பெறச் செய்யவிருந்த மார்ட்டிமர் வீலர் என்பவர் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் இருந்தார். எல் அலமெய்ன் போரில் அவர் விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையொன்றின் தலைவர். இங்கிலாந்தில் பெயர்பெற்ற தொல்பொருள் அறிஞரான அவரை, இந்தியத் தொல்பொருள் துறையின் தலைமை இயக்குநராகுமாறு அழைத்தார்கள். 1944-இல் அவர் பதவி ஏற்றார். நான்கே ஆண்டுகள் அப்பதவியில் இருந்தபோதிலும், அகழ்வு முறையையே அவர் மாற்றியமைத்தார். குழிகளைக் கட்டம் கட்டமாகச் சதுரங்கப் பலகை போல் வகுத்து, இடையே சுவர் விட்டு, அடுக்கடுக்காக எண்ணிட்டு, வரைபடத்தில் பதிவு செய்யும் பழக்கத்தை இந்திய மாணவர்களுக்குப் பயிற்றுவித்தார். ‘ஏன்ஷன்ட் இந்தியா’ என்னும் ஆய்விதழை 1946-இல் தொடங்கினார்.

வீலர் 1945-இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் அகழ்ந்ததைத் தமிழர்கள் நன்கறிவார்கள். அங்கே இத்தாலி நாட்டில் செய்த செந்நிறப் பளபளப்புக் கலங்களின் துண்டுகள் கிடைத்தன. அவை கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை என்பது ஐரோப்பிய ஆராய்ச்சியால் உறுதியானது. அதே அடுக்குகளில், அடிப்புறத்தில் வட்டவட்டமாகப் புள்ளிக் கோடுகள் பதித்த ஒருவகைத் தட்டும் கிடைத்தது. ரௌலட் கலம் என்று அதற்குப் பெயர். காலம் தெரிந்த கலத்தோடு கிடந்தமையால் அதன் காலமும் தெரிந்தது. இனி அத்தட்டு தென்னாட்டில் எங்கே கிடைத்தாலும் அந்த அடுக்கின் காலத்தை அறியலாம் அல்லவா?

அந்தத் திறவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு 1947-இல் வீலர் சென்ற இடங்கள் கிருஷ்ணா முன்னரே தோண்டிய பிரம்மகிரியும் சந்திரவள்ளியுமே. சந்திரவள்ளியில் சாதவாகனர் காசுகளும், உரோமாபுரிப் பேரரசன் தைபீரியஸின் வெள்ளிக் காசும் அத்தட்டின் காலத்தை மேலும் உறுதிப்படுத்தின. பிரம்மகிரியில் அத்தட்டு மேலடுக்கில் கிடைத்தது. அதனின்று கீழ்நோக்கிக் கணக்கிட்டு வீலர் மூன்று பண்பாடுகளை வகுத்தார். மேலே ஆந்திரப் பண்பாடு. இடையே பெருங்கற்படைப் பண்பாடு. அடியில் கற்கோடரிப் பண்பாடு. கிருஷ்ணா தனியே பிரித்த சிறுகற்கருவிகளை அவர் கோடரிப் பண்பாட்டின் பகுதியாகவே கொண்டார். குன்றின் அடிவாரத்தில் நூற்றுக்கணக்கில் கிடந்த ஈமச்சின்னங்கள் சிலவற்றையும் திறந்து பார்த்தார். நான்கு கற்பலகைகளைச் சுவஸ்திக வடிவில் ஒன்றையொன்று தாங்குமாறு நிறுத்தி, கிழக்குப் பலகையில் வட்டமாக ஒரு துளையிட்டு, சுற்றிலும் கல்வட்டம் அமைத்த அக்கற்பதுக்கைகளில், எலும்புகளும் இரும்புக் கருவிகளும் கருப்பு சிவப்புக் கலங்களும் இருந்தன. கலத்தைக் கவிழ்த்துச் சுடும்போது, காற்றுப் புகாத உட்புறமும் வாய்ப்புறமும் கருமையாகவும், அனல் பட்ட வெளிப்புறம் செம்மையாகவும் மாறும். அதுவே அந்த இரட்டை நிறத்தின் இரகசியம்.

வீலரின் விரிவான அறிக்கை அவரது ஆய்விதழில் வெளிவந்து, தென்னிந்தியத் தொல்பொருள் ஆராய்ச்சிக்கு இலக்கணம் போலாயிற்று. கிருஷ்ணாவின் முன்பணியை அவர் குறிப்பிடாமல் விடவில்லை. எனினும் புகழ் தெளிவான வரைபடங்களையும் ஆற்றல்மிக்க நடையையும் பின்பற்றிச் செல்லும் இயல்புடையது. கிருஷ்ணா தம் வாதத்தை எடுத்துரைக்கவும் வாய்ப்பில்லாமற் போயிற்று. அந்த 1947-ஆம் ஆண்டிலேயே அவர் காலமானார்.

இவ்வளவில் முடிந்திருந்தால் இது புகழ் இழந்த ஒருவரைப் பற்றிய இரங்கலுரை மட்டுமே ஆகியிருக்கும். ஆனால் கதைக்கு இன்னும் ஒரு பகுதி உண்டு. வீலரின் கணக்குப்படி, பெருங்கற்படை மக்கள் இரும்போடு பிரம்மகிரிக்கு வந்தது கி.மு. 200-ஆம் ஆண்டளவில். அதற்கு முன்வரை அங்கிருந்தோர் கற்கோடரி மக்கள். அசோகனின் காலமோ கி.மு. மூன்றாம் நூற்றாண்டு. ஆகவே மகாமாத்திரர்கள் இஸிலாவில் சாசனம் பொறித்தபோது சுற்றியிருந்த மக்கள் கல்லாயுதம் ஏந்தியவர்கள் என்று ஆகிறது. வடக்கே பேரரசும் எழுத்தும் தழைத்திருந்தபோது தெற்கே கற்காலம் நீடித்தது என்றும், இரும்பு மௌரியர் தொடர்பை ஒட்டியே தெற்கே வந்தது என்றும் அறிஞர் பலர் நெடுங்காலம் எண்ணியதற்கு இந்தக் கணக்கு ஒரு முக்கியமான ஆதாரமாயிற்று. ஒரு நாட்டு மக்களின் பழமையையே குறைத்துவிடும் ஆற்றல் ஒரு மண்குழியின் கணக்கிற்கு உண்டு என்பதை நாம் இங்கே காண்கிறோம்.

அக்கணக்கைத் திருத்திய சான்றுகளில் ஒன்று நமது மும்பையிலிருந்தே வந்தது. உயிருள்ளவை யாவும் காற்றிலிருந்து ஒருவகைக் கதிரியக்கக் கரியைப் பெறுகின்றன. உயிர் நீங்கியபின் அது 5,730 ஆண்டுகளுக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்துகொண்டே செல்லும். எஞ்சியதை அளந்தால் காலம் தெரியும். இம்முறையை 1940-களின் இறுதியில் அமெரிக்க விஞ்ஞானி லிபி வகுத்தார். கொலாபாவில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் அத்தகைய அளவீட்டுக்கூடம் ஒன்று 1960-களில் இயங்கியது. துங்கபத்திரைக் கரையில் உள்ள ஹல்லூரில் 1965-இல் அகழ்ந்த நாகராஜ ராவ், இரும்பு முதன்முதலாகத் தோன்றும் அடுக்கின் கரித்துண்டுகளை அங்கே அனுப்பினார். கி.மு. 1000-ஐ ஒட்டிய காலம் என்று விடை வந்தது. வீலரின் கணக்கைவிட எண்ணூறு ஆண்டுகள் முந்தியது. கற்கோடரி மக்களின் காலமும் அவ்வாறே பின்னோக்கி நகர்ந்து, கி.மு. மூன்றாம் ஆயிரத்தை எட்டியது.

ஆகவே, அசோகனின் சாசனம் பொறிக்கப்பட்டபோது பிரம்மகிரிப் பகுதி மக்கள் இரும்பை அறிந்து பல நூற்றாண்டுகள் கடந்திருந்தன. இரும்புக் காலம் முந்தியது, மௌரியர் காலம் பிந்தியது என்னும் வரிசை நிலைபெற்றது. சற்று முன்னே சென்று, போர்க்காலத்துக் குழிகளில் கிருஷ்ணா வகுத்த ஐந்து படிகளை நினைவுகூர்வோமாக. அவருடைய வரிசையில் இரும்புக் காலம் மௌரியர் காலத்திற்குக் கீழேதான் இருந்தது. அவர் சிறுகற்கருவிகளுக்கெனத் தனி அடுக்கு வகுத்ததை எல்லோரும் ஏற்கவில்லை. வீலரின் முறையே சிறந்தது என்பதிலும் ஐயமில்லை. எனினும் பெரிய கேள்வியொன்றில் மண் சொன்ன விடையை முதலில் சரியாகக் கேட்டவர் அவரே.

தமிழர்களாகிய நமக்கு இதில் என்ன என்று கேட்கத் தோன்றலாம். பிரம்மகிரியில் கண்ட கருப்பு சிவப்புக் கலமும், கல்வட்டமும், துளையிட்ட கற்பதுக்கையும் ஒரு மொழிக்கு மட்டும் உரியவை அல்ல. ஆதிச்சநல்லூர் தாழிகளோடு கிடைத்ததும் அதே இரட்டை நிறக் கலம்தான். கொங்கு நாட்டில் பாண்டுக்குழி என்றும், பழனி மலையில் வாலியர் வீடு என்றும் மக்கள் சுட்டும் சின்னங்கள் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. சங்க நூல்களில் வரும் தாழியும் பதுக்கையும் நடுகல்லும் இச்சின்னங்களின் நினைவைத் தாங்கி நிற்பதை, கே. ஆர். சீனிவாசன் என்னும் தமிழறிஞர் 1946-இல் வீலரின் அதே ஆய்விதழில் எடுத்துக்காட்டினார். எனவே பிரம்மகிரியின் வயது பிழைபட்டபோது நம் ஊர்த் தாழிகளின் வயதும் சேர்ந்தே பிழைபட்டது. அது திருந்தியபோது இதுவும் திருந்தியது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கை, தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் இரும்போடு தொடர்புடைய மாதிரிகளுக்கு கி.மு. 3345 வரை எட்டும் காலத்தைக் கூறியது. அதனை அறிஞர்கள் ஆய்ந்து வருகிறார்கள். கணக்குகள் இன்னும் மாறலாம். பெருமை பேசுவதற்கு முன், மண்ணடுக்கு என்ன சொல்கிறது என்று பொறுமையாகக் கேட்கும் பழக்கத்தை நாம் மேற்கொள்வது நலம். கிருஷ்ணாவின் வாழ்வு கற்பிக்கும் பாடமும் அதுவே.

ஒருவர் ஏன் மறக்கப்படுகிறார்? கிருஷ்ணாவின் கதையில் மூன்று காரணங்கள் புலப்படுகின்றன. முதலாவது, அவர் வெட்டியவை சோதனைக் குழிகள். விரிந்த பரப்பைத் தோண்டும் வசதி அவருக்கு இல்லை. இரண்டாவது, அவருடைய சொல் ஒரு சமஸ்தானத்தின் ஆண்டறிக்கைக்குள் அடங்கிவிட்டது. மூன்றாவது, அவர் முடிவுகள் சரியென்று தெளிந்த காலத்தில் அவர் உயிரோடு இல்லை. இவற்றுள் எதுவும் அவருடைய குற்றம் ஆகாது. உலகம் குண்டுகளை எண்ணிக்கொண்டிருந்த நாளில், பயன் எப்போது விளையும் என்று அறியாமலே, கண்டதைக் கண்டவாறு எழுதி வைத்தார். எழுதி வைத்தமையால்தான் பின்வந்தோர் அதனோடு ஒப்பிட முடிந்தது. அவருக்காக மண்வெட்டி பிடித்த கூலியாட்களின் பெயர்களோ எந்த நூலிலும் நாம் காணக்கூடியவை அல்ல.

நாமும் பெரும்பாலும் பெயர் தெரியாத வேலைகளையே செய்து வாழ்கிறோம். கோப்புகளை மொழிபெயர்ப்போர், கணக்கு எழுதுவோர், தறி ஓட்டியோர், இட்லிக் கூடை சுமந்தோர் என்று இந்நகருக்கு வந்த தமிழரின் வரலாறும் அடுக்கடுக்காகவே படிந்திருக்கிறது. முதலில் வந்தவரின் அடுக்கு எல்லாவற்றிற்கும் கீழே கிடக்கிறது. வீட்டில் உள்ள முதியவர் எந்த ஆண்டு, எந்த ஊரிலிருந்து, யாரை நம்பி வந்தார் என்பதை ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் எழுதி வைத்தால், அதுவும் ஒரு முதற்குழியே.

அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, குண்டக்கல் நெருங்குகையில் குழந்தை மீண்டும் கேட்கக்கூடும். அப்போது புளியோதரைப் பொட்டலத்தைச் சற்று நேரம் மடியிலேயே வைத்துக்கொள்வோம். இங்கிருந்து தென்மேற்கே, இதே போன்ற ஒரு குன்றின் அடியில், கற்கோடரி பிடித்தவர்களும் இரும்பு உருக்கியவர்களும் அடுத்தடுத்து வாழ்ந்தார்கள் என்று சொல்வோம். தொலைதூரத்திலிருந்து வந்த சபடன் என்னும் எழுத்தன் அங்கே ஒரே ஒரு சொல்லைத் தன் எழுத்தில் எழுதிவிட்டுப் போனான் என்று சொல்வோம். இவர்களையெல்லாம் போர் நடந்த நாளில் மண்ணுக்கடியில் தேடிய ஒருவரின் பெயர் கிருஷ்ணா என்பதையும் சேர்த்தே சொல்வோம்.